கொத்தனார் கையில் வரும் கரப்பான்: வேலையை விடச் சொல்வதற்கு முன்னால்

தம்பி, மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அப்பா காரைக்குடி பக்கம் இருபது வருடத்துக்கு மேலாகக் கொத்தனார். கட்டுவேலை, பூச்சுவேலை, டைல்ஸ் ஒட்டுவது, இப்போது பழைய செட்டிநாட்டு வீடுகளைப் புதுப்பிக்கும் வேலையும் பார்க்கிறார். இரண்டு வருடமாக உள்ளங்கையும் விரல் இடுக்கும் வெடித்து, அரித்து, சில நாள் நீர் வடிகிறது. மருந்துக்கடையில் வாங்கிய களிம்பு போட்டால் அடங்குகிறது, நிறுத்தினால் திரும்ப வருகிறது. ரத்தம் கெட்டுவிட்டது என்று யாரோ சொல்ல, வீட்டில் கத்தரிக்காய், கருவாடு எல்லாம் நிறுத்திவிட்டீர்கள். சித்தாள் வேலைக்குப் போகும் அம்மாவுக்கும் ஒட்டிக்கொள்ளுமோ என்று பயம். அப்பாவை வேலையை விடச் சொல்லலாமா என்பது கடைசிக் கேள்வி.

அந்தக் கடைசிக் கேள்விக்கே முதலில் வருகிறேன். இப்போதைக்கு விடச் சொல்ல வேண்டாம். ஆனால் என்ன நோய் என்று தெரியாமல் இப்படியே ஓட்டவும் கூடாது. சிமெண்டால் கையில் வரும் கரப்பான், அதாவது எக்ஸிமா என்கிற தோல் நோய், இரண்டு விதம். பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒன்றில் வேலையை விடாமலே கையைத் தேற்றிவிடலாம். இன்னொன்றில் எந்த வேலையைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று தரம் பிரிக்க வேண்டும். நான் இந்தப் பக்கத்தில் தோல் மருத்துவம் பார்ப்பவன். இந்த வித்தியாசத்தை ஒருவரும் எடுத்துச் சொல்லாமல், வருடக்கணக்கில் களிம்பை மாற்றி மாற்றிப் போட்டுவிட்டு வரும் கொத்தனார்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது.

முதல் விதம், சிமெண்ட் தோலை நேரடியாகத் தின்பது. சிமெண்டில் தண்ணீர் சேர்ந்ததும் கால்சியம் ஹைட்ராக்சைடு உண்டாகிறது, அதாவது சுண்ணாம்பு. ஈரக் கலவையின் காரம், அமிலத்தையும் காரத்தையும் அளக்கும் பிஎச் கணக்கில் 12, 13 வரை போகும். நம் தோலின் மேற்பரப்போ லேசான அமிலம், சுமார் 5. இந்தக் கணக்கில் ஒரு எண் கூடினால் பத்து மடங்கு. அப்படியானால் 5-க்கும் 12-க்கும் நடுவே ஒரு கோடி மடங்கு வித்தியாசம். அந்தக் காரம் தோலில் இருக்கும் எண்ணெய்ப் பசையைக் கரைத்துவிடுகிறது. மணலும் எம்சாண்டும் உரசி மேல்தோலைத் தேய்க்கின்றன. காய்ந்த சிமெண்ட் தூளோ மிச்சமிருக்கும் ஈரத்தையும் உறிஞ்சிவிடுகிறது. மூன்றும் சேர்ந்து தினமும் எட்டு மணி நேரம் நடந்தால் எப்பேர்ப்பட்ட கையும் வெடிக்கும். இதற்கு ஒவ்வாமை எதுவும் வேண்டாம். யாருக்கும் வரலாம்.

இரண்டாவது விதம்தான் ஒவ்வாமை. சிமெண்டில் மிகச் சிறிய அளவில் ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம், அதாவது குரோமியம் என்ற உலோகத்தின் ஒரு வடிவம், இருக்கிறது. சுண்ணாம்புக்கல், களிமண் போன்ற மூலப்பொருள்களிலிருந்தும் சூளையிலிருந்தும் அது வருகிறது. தண்ணீரில் கரையும், வெடித்த தோல் வழியாக உள்ளே போகும். உடம்பின் எதிர்ப்பு அணுக்கள் ஒருமுறை அதை எதிரி என்று பதிந்துகொண்டால், பிறகு கொஞ்சம் பட்டாலே போதும், பொங்கிவிடும். கட்டிட வேலைக்காரர்களின் கைக் கரப்பானுக்கு இந்தக் குரோமியம் ஒரு காரணம் என்று 1950-ல் சுவிட்சர்லாந்தில்தான் முதலில் கண்டுபிடித்தார்கள். அதன்பிறகு டென்மார்க் 1983 முதல் சிமெண்டில் பெரஸ் சல்பேட் என்ற இரும்பு உப்பைக் கலக்கச் சொல்லிச் சட்டம் போட்டது. அது கரையும் குரோமியத்தை அவ்வளவாகக் கரையாத, தோலுக்குள் எளிதில் போகாத வேறு வடிவத்துக்கு மாற்றிவிடும். 2005 முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் சிமெண்டில் இந்தக் குரோமியம் பத்து லட்சத்தில் 2 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று ஆனது. அதற்குப் பிறகு அங்கே கட்டிடத் தொழிலாளர்களிடம் இந்த ஒவ்வாமை கணிசமாகக் குறைந்தது. ஆகவே இது தலையெழுத்து இல்லை. தடுக்கக்கூடிய நோய்.

உடனே உங்கள் அப்பா ஒன்று கேட்பார்: "இருபது வருஷமா இதே சிமெண்டுலதானே கை வச்சேன், அப்ப வராதது இப்ப எப்படி வரும்?" எல்லோரும் கேட்பதுதான், நியாயமான கேள்வியும்கூட. ஒவ்வாமை பிறவியிலேயே இருப்பதில்லை. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் பட்டுப் பட்டுத்தான் உருவாகும். பெரும்பாலும் முதலில் காரத்தால் கை வெடிக்கிறது. வெடித்த வழியாகக் குரோமியம் உள்ளே போகிறது. அப்புறம்தான் ஒவ்வாமை. அதனால்தான் முதல் விதத்தைச் சாதாரண வெடிப்புதானே என்று விட்டுவிடக் கூடாது என்கிறேன். இரண்டாவதற்கு அது கதவைத் திறந்து வைக்கிறது.

எது என்று வீட்டிலேயே ஓரளவு ஊகிக்கலாம். காரத்தால் வந்ததென்றால் அரிப்பைவிட எரிச்சலும் வறட்சியும் வெடிப்பும் அதிகம். கலவை படும் இடத்தோடு நிற்கும். தீபாவளிக்கோ திருவிழாவுக்கோ நாலைந்து நாள் வேலைக்குப் போகாவிட்டால் நன்றாகவே தேறும். ஒவ்வாமை என்றால் அரிப்புதான் தலையாய தொல்லை. சின்னச் சின்ன நீர்க்கொப்புளம் வரும், மணிக்கட்டு, முழங்கை என்று ஏறும், சிலருக்குக் கண் இமைகூட வீங்கும். வேலைக்குப் போன அன்றே தெரியாமல் ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத்தான் பொங்கும். அதனால்தான் "நேத்து சாப்பிட்ட கருவாடுதான்" என்று பழி வேறெங்கோ போகிறது. இன்னொரு தடயம் காலில் கிடைக்கும். தோல் செருப்பின் வார் படும் இடத்திலும் அரிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். தோலைப் பெரும்பாலும் குரோமியம் போட்டுத்தான் பதனிடுகிறார்கள். கையிலும் செருப்பு வார் அடியிலும் சேர்ந்தே கரப்பான் வந்தால் குரோமியத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வலுக்கும்.

ஆனால் ஊகம் ஊகம்தான். உறுதியாகச் சொல்ல பேட்ச் டெஸ்ட் என்று ஒரு பரிசோதனை இருக்கிறது. ஊசி இல்லை, ரத்தம் எடுப்பதில்லை. சந்தேகப்படும் பொருள்களைத் துளித்துளியாக முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள். ஓரிரு நாள் கழித்து மறுபடியும் பார்ப்பார்கள், இந்த இரண்டாவது பார்வையைத் தவறவிடக் கூடாது. சிமெண்ட் ஒவ்வாமைக்குப் பொட்டாசியம் டைகுரோமேட் என்ற பொருளை ஒட்டுவார்கள். கூடவே கோபால்ட், கையுறை ரப்பரில் சேர்க்கும் ரசாயனங்கள், டைல்ஸ் இடுக்கில் அடைக்கும் எப்பாக்சி எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை, சிவகங்கை, புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் பிரிவில் முதலில் விசாரியுங்கள். எந்த நாளில் ஒட்டுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு போனால் வீண் அலைச்சல் மிச்சம். கை நீர் வடிந்துகொண்டிருக்கும்போது போக வேண்டாம், அடங்கிய பிறகு போகட்டும். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டிருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஒட்டிய நாட்களில் முதுகு நனையக் கூடாது, வியர்க்கவும் கூடாது. கத்திரி வெயிலில் இது நடக்காத காரியம். மார்கழி, தையில் வைத்துக்கொள்வது நல்லது. ஒன்றை மட்டும் யாரும் செய்து பார்க்க வேண்டாம்: வேலையிடத்துச் சிமெண்டையே குழைத்துத் தோலில் வைத்துக் கட்டுவது. அது ஒவ்வாமையைக் காட்டாது, தோலைச் சுட்டுவிடும்.

சரி, ஒவ்வாமை என்றே முடிவு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது வேலையை விடத்தான் வேண்டுமா? இந்த இடத்தில் செட்டிநாட்டுக் கொத்தனாருக்கு மற்ற ஊர்க்காரர்களுக்கு இல்லாத ஒரு வழி இருக்கிறது. கானாடுகாத்தான், பள்ளத்தூர், ஆத்தங்குடி, தேவகோட்டை என்று இந்த ஊர்களின் பழைய வீடுகள் சுண்ணாம்பில் நின்றவை. சுண்ணாம்போடு கடுக்காயும் வெல்லமும் சேர்த்து, மேல்பூச்சில் முட்டை வெள்ளைக்கரு கலந்து மணிக்கணக்கில் தேய்த்து மெருகேற்றும் செட்டிநாட்டுப் பூச்சுக்கு இன்றைக்கும் ஆள் தேடுகிறார்கள். சுண்ணாம்பில் அந்தக் கரையும் குரோமியம் சொல்லும்படியாக இருப்பதில்லை. வெள்ளைச் சிமெண்டிலும் சாம்பல் நிறச் சிமெண்டைவிட அது மிகவும் குறைவு. ஆகவே குரோமியம் ஒத்துக்கொள்ளாத ஒரு கொத்தனார், சாம்பல் சிமெண்டு வேலையைக் குறைத்துக்கொண்டு சுண்ணாம்புப் பூச்சு, பழுதுபார்ப்பு என்று திரும்பினால் கைத்தொழிலை விடாமலே பிழைக்கலாம். உங்கள் அப்பாவுக்கு ஏற்கெனவே அந்த வேலை தெரியும் என்கிறீர்கள். அதை மேஸ்திரியிடமோ வேலை கொடுக்கும் இன்ஜினியரிடமோ தயங்காமல் சொல்லிக் கேட்கலாம்.

அதற்காகச் சுண்ணாம்பு சாது என்று நினைத்துவிட வேண்டாம். ஒவ்வாமை தராது, அவ்வளவுதான். நீர்த்த சுண்ணாம்பின் காரமும் பிஎச் 12-க்கு மேல்தான். சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றும்போது கொதித்துத் தெறிக்கும். கண்ணாடி போடாமல் சுண்ணாம்பு நீற்றுவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். கண்ணில் பட்டால் அந்த நிமிடமே இமையைத் திறந்து பிடித்துக்கொண்டு ஓடும் தண்ணீரில் அரை மணி நேரம் கழுவ வேண்டும். பிறகுதான் ஆட்டோ, பஸ் எல்லாம். இமைக்குள் துகள் சிக்கியிருந்தால் அது கரைந்து கரைந்து விழியை அரித்துக்கொண்டே இருக்கும். அதனால் எரிச்சல் குறைந்ததாகத் தோன்றினாலும் அன்றைக்கே கண் மருத்துவரிடம் காட்டியாக வேண்டும்.

இப்போது மருந்துக்கடைக் களிம்புக்கு வருகிறேன். எனக்கு அதிகம் கவலை தருவது இதுதான். கடையில் "அரிப்புக்கு ஒண்ணு குடுங்க" என்றால் கொடுக்கும் டியூப்களில் பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு, பூஞ்சைக் கொல்லி, ஆன்டிபயாடிக் மூன்றும் ஒன்றாக இருக்கும். குளோபெட்டசால் என்றோ பீட்டாமெத்தசோன் என்றோ அட்டையில் எழுதியிருக்கிறதா பாருங்கள். ஸ்டீராய்டு கெட்ட மருந்து இல்லை. உள்ளங்கைக் கரப்பானுக்கு நானும் அதைத்தான் எழுதுகிறேன், ஆனால் சில வாரங்களுக்கு, இவ்வளவு, இப்படிக் குறைக்க வேண்டும் என்ற கணக்கோடு. கணக்கில்லாமல் மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்துபோகும், மெலிந்த தோலில் சிமெண்ட் இன்னும் சுலபமாக இறங்கும். அதே டியூபைத் தொடை இடுக்குப் படர்தாமரைக்கும் போட்டால் பூஞ்சை அடங்கியதுபோல நடித்து இரண்டு மடங்காகப் படரும். அதில் சேர்க்கும் நியோமைசின் சிலருக்குத் தனியாக ஒரு ஒவ்வாமையையும் உண்டாக்கும்.

உண்மையான வைத்தியம் வேலையிடத்தில்தான் இருக்கிறது. கொத்தனார்கள் கை கழுவும் இடத்தைப் பாருங்கள். கரணை, மணியாஸ் கட்டை, சாந்துச் சட்டி எல்லாவற்றையும் அலசிய அதே டிரம் தண்ணீர்! அது தண்ணீரே இல்லை, சிமெண்ட் பால். அதில் கை அலசுவது காரத்தைக் கழுவுவதாகாது, இன்னொரு பூச்சுப் பூசுவதுதான். டீ நேரத்தில், சாப்பாட்டுக்கு முன், வேலை முடிந்ததும் கழுவத் தனியாக ஒரு குடம் நல்ல தண்ணீரும் ஒரு மக்கும் வைத்தாலே பாதி நோய் குறையும். துணி சோப்பு, மண்ணெண்ணெய், தின்னர் எதுவும் வேண்டாம். எலுமிச்சம்பழம் தேய்ப்பவர்களும் உண்டு. வெடிப்பில் எரியும், அதோடு வெயிலில் போனால் அந்த இடம் கருத்துப் புண்ணாகும். சாதாரணக் குளியல் சோப்பால் கழுவி, ஈரத்தை ஒற்றி எடுத்து, உடனே தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவ வேண்டும். இரவில் தாராளமாகப் பூசி, பழைய பருத்தித் துணியைச் சுற்றிக்கொண்டு படுக்கலாம். கை பார்வைக்கு நன்றாகிவிட்ட பிறகும் தோலின் உள்வலிமை திரும்பப் பல வாரங்கள் ஆகும். "ஆறிடுச்சு" என்று மூன்றாம் நாளே எண்ணெயை நிறுத்துவதால்தான் பலருக்கு மறுபடி மறுபடி வருகிறது. மோதிரம், காப்பு, வாட்ச் எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போகட்டும். அவற்றின் அடியில் கலவை தங்கிப் புண்ணாக்கும்.

கையுறை என்றதும் "கரணை பிடிக்க வராதுங்க" என்பார். பிடி கொஞ்சம் போகும், மறுக்கவில்லை. ஆனால் பூச்சு மட்டம் பார்க்கும் நேரத்தில் கழற்றினாலும், கலவை குழைக்கும்போது, கல் கட்டும்போது, டைல்ஸுக்குப் பால் விடும்போது போட்டுக்கொள்ளலாமே. எந்தக் கையுறை என்பதும் முக்கியம். துணிக் கையுறை போட்டால் போடாததைவிட மோசம், ஈரச் சிமெண்டை உறிஞ்சி நாள் முழுக்கக் கையிலேயே வைத்துக் கட்டியதுபோல ஆகும். உள்ளங்கைப் பக்கம் மட்டும் ரப்பர் தோய்த்து, பின்பக்கம் துணியாக விட்ட கையுறைகளும் இதற்கு உதவாது. மணிக்கட்டுக்கு மேல் வரை முழுதாக நைட்ரைல் அல்லது பிவிசி தோய்த்தது, உள்ளே பருத்தி உள்ளது வேண்டும். குரோமியம் ஒத்துக்கொள்ளாதவருக்குத் தோல் கையுறை ஆகாது. உள்ளே கலவை போய்விட்டால் உடனே கழற்றிக் கையைக் கழுவி வேறு போட வேண்டும். அழுக்குக் கையோடு கையுறைக்குள் நுழைவதும் வேண்டாம்.

புதுப்பிக்கும் வேலையில் சிமெண்ட் அல்லாத சில காரணங்களும் உண்டு. வருடக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீட்டின் முற்றத்திலும் தோட்டத்திலும் பார்த்தீனியம் மண்டியிருக்கும். அதை வெறுங்கையால் பிடுங்குபவர்களுக்கு முகம், கழுத்து, முழங்கை மடிப்பில் கரப்பான் வரும். பழைய பர்மாத் தேக்குத் தூண்களை இழைத்துத் தேய்க்கும் ஆசாரிகளில் சிலருக்குத் தேக்குத் தூளே ஒவ்வாமை தரும். புதிய டைல்ஸ் இடுக்கில் அடைக்கும் எப்பாக்சி இன்னும் கடுமையானது. இரண்டு டப்பாவைக் கலந்து குழைக்கும் அந்தப் பொருளை வெறுங்கையால் தொடவே கூடாது. மெல்லிய ரப்பர் கையுறையையும் தாண்டிப் போகும். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பக்கத்து அறையில் யாரோ கலந்தால்கூட முகம் வீங்கலாம்.

நோய் வேறாகவும் இருக்கலாம். உள்ளங்கைச் சொரியாசிஸ் இதேபோல வெடிக்கும். ஒரு கையில் மட்டும் வறண்டு செதில் உதிர்ந்தால் பூஞ்சையாக இருக்கலாம். இரவில் வீட்டில் எல்லோருக்குமே அரித்தால் சிரங்கு. கையில் சூடு பட்டதோ வெட்டியதோ தெரியாத அளவுக்கு உணர்ச்சி மரத்த இடமோ, உடம்பில் எங்காவது உணர்ச்சியில்லாத வெளிறிய தேமலோ இருந்தால் தாமதிக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். தொழுநோய்க்கு இலவச மருந்து உண்டு, முழுதாகக் குணமாகும். சர்க்கரையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், புண் ஆறாததற்கு அதுவும் ஒரு காரணம்.

சாப்பாட்டு விஷயம். கத்தரிக்காயும் கருவாடும் இந்தக் கையை வெடிக்க வைக்கவில்லை. ரத்தம் கெடவும் இல்லை. வெயிலில் உழைக்கும் மனிதர், நன்றாகச் சாப்பிடட்டும். குழம்பில் கத்தரிக்காயைத் தாராளமாகப் போடுங்கள்.

சிமெண்ட் கரப்பான் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டாது. அப்பாவின் துண்டைத் தொட்டாலோ ஒரே சொம்பில் குடித்தாலோ அம்மாவுக்கு வராது. ஆனால் அம்மாவும் அதே கலவையைத்தான் சுமக்கிறார், தனியாக அவருக்கே வரலாம். அதனால் நல்ல தண்ணீர்க் குடமும் எண்ணெயும் அவருக்கும் சேர்த்துத்தான்.

ஒவ்வாமை உறுதியானால் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். குரோமியக் கரப்பான் சிலருக்குச் சிமெண்டு வேலையை அடியோடு விட்ட பிறகும் வருடக்கணக்கில் விட்டு விட்டு வரும். வேலையை விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பி, கையில் இருக்கும் தொழிலையும் தொலைத்துவிட்டு, கரப்பானும் போகாமல் தவிப்பவர்கள் உண்டு. அதனால்தான் பரிசோதனைக்கு முன் முடிவெடுக்க வேண்டாம் என்று இவ்வளவு தூரம் சொல்கிறேன். முடிவு வந்ததும் எந்தப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லை என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிப் பத்திரமாக வையுங்கள். அப்பாவும் அம்மாவும் கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிந்திருக்கிறார்களா? 1994-லிருந்து இருக்கும் வாரியம், 18 முதல் 60 வயது வரை உள்ளவர்கள் சேரலாம். இல்லையென்றால் இந்த மாதமே பதிந்துவிடுங்கள்.

அம்மாவைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். தளம் போடும் அன்றுதான் சித்தாள்களின் கால் வெந்துபோகிறது. ஈரக் காங்கிரீட் பட்ட உடனே வலிக்காது, சில மணி நேரம் கழித்து வீட்டுக்கு வந்த பிறகுதான் எரியத் தொடங்கும். அதற்குள் தோல் ஆழமாக வெந்திருக்கும். முட்டி போட்டு வேலை பார்ப்பவர்களின் முழங்காலுக்கும் இதே கதிதான். முழங்கால் வரை வரும் கம்பூட் போட்டுக்கொண்டு, புடவையையோ பேன்ட்டையோ பூட்டுக்கு வெளியே விட வேண்டும். உள்ளே செருகினால் பால் வழிந்து இறங்கும். அப்படி இறங்கிவிட்டால் தளம் முடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே பூட்டைக் கழற்றி, நனைந்த துணியை மாற்றி, 20 நிமிடமாவது ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். பற்பசை, மை எதுவும் தடவக் கூடாது. தோல் வெளுத்தோ கருத்தோ போனால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மெட்டியை அம்மா கழற்ற மாட்டார் என்று தெரியும். தளம் போடப் போகும் முன் மெட்டிக்கு அடியிலும் விரல் இடுக்கிலும் வாசலின் அப்பிக்கொள்ளட்டும். வேலை முடிந்ததும் மெட்டியைச் சுழற்றிச் சுழற்றி அடியில் கழுவி, சேற்றுப்புண் வராமல் இடுக்கைத் துணியால் துடைத்து உலர்த்தச் சொல்லுங்கள்.